பூஜ்யத்தில் விழுந்த கடிதம்

திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அந்தக் கடிதம் பூஜ்யத்தில் வந்து விழுந்தது.

பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற அந்தக் கம்பெனியில் மொத்தம் இருபத்து மூன்று பேர். மின்னஞ்சல் விலாசத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆள் மாறினாலும் எண் மாறாது, வாடிக்கையாளர் அலைய வேண்டாம் என்பது முதலாளியின் யோசனை. வெளியே இருப்பவர்களுக்கு எண் எங்கே நினைவிருக்கிறது? ஐம்பத்தொன்றுக்கு அனுப்புவார்கள், தொண்ணூறுக்கு அனுப்புவார்கள். ஆளில்லாத எண்ணுக்கு வருவதெல்லாம் பூஜ்யம் என்ற பெட்டியில் சேரும். அதைத் திறந்து, யாருக்கு வந்தது என்று பார்த்து, உரியவருக்குத் தள்ளிவிட வேண்டும். மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்வதோடு அந்த வேலையும் பதினான்காம் எண்காரியான அவளுடையது. ஆபீஸில் அவளைப் பூஜ்யத்தக்கா என்றார்கள்.

கடிதம் எழுபதாம் எண்ணுக்கு வந்திருந்தது. உள்ளே படித்தால் ஏழாம் எண்காரருக்கு, அதாவது மேனேஜருக்கு. ஒரு வாடிக்கையாளர் கம்பெனி எழுதியிருந்தது. அவர்களுடைய புதுத் தொழிற்சாலைக்கு அவரைத் தலைவராக எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து அறையில் முதலாளி இருப்பதால் ஃபோன் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தெரிவிக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் வராவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

தள்ளிவிட ஒரு நொடி போதும். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பெட்டியை மூடினாள்.

போன வருஷம் பூஜ்யம் மேனேஜர் கையில் இருந்தது. அப்போது அவர் மேனேஜர் ஆகியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் திறப்பது என்று விதி எழுதியவர் அவர்தான். முதலாளி கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினார். அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி புதுக் கட்டிடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆபீஸ் தொலைபேசிக்கு இன்னும் இணைப்பு வரவில்லை. கைபேசிகள் வழக்கம்போல வேலை முடியும்வரை வாசலில் இரும்பு அலமாரிக்குள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து அவளுடைய தங்கை மின்னஞ்சல் அனுப்பினாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உன்னைத்தான் கேட்கிறார், உடனே வா. பதினான்குக்கு அனுப்ப வேண்டியதை நாற்பத்தொன்றுக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார். ஆறு மணிக்கு அலமாரியைத் திறந்தபோது கைபேசியில் இருபத்தாறு அழைப்புகள். ஆஸ்பத்திரி நாற்பது நிமிஷத் தொலைவு. கடிதம் வெள்ளிக்கிழமை அவள் பெட்டிக்கு வந்தது, விதிப்படி.

எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேனே என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தங்கை எந்த எண்ணையும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்லாமல் தொடுவதில்லை. பஸ் எண்ணைக்கூட.

நான்கு மாதத்துக்கு முன் அவருக்கு மேனேஜர் நாற்காலி வந்தது, இவளுக்குச் சர்வர் வந்தது. சர்வர் எதையும் மறப்பதில்லை. எந்தக் கடிதம் எப்போது வந்தது, யார் எப்போது திறந்தார்கள் என்று வரி வரியாக எழுதிவைத்திருக்கும். அவள் பழைய பதிவுகளைத் தேடிப் போனாள். தங்கையின் கடிதம் பதினொன்று ஐந்துக்கு வந்திருந்தது. பதினொன்றே காலுக்கு அவர் திறந்திருந்தார். திறந்துவிட்டு, திறக்காத மாதிரியே மூடி வைத்திருந்தார். அன்றைக்கு உதிரிப்பாகப் பட்டியலை மாற்றி முடிக்க அவளை விட்டால் ஆள் இல்லை.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தங்கையிடம் சொன்னால் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்துவாள், காரியம் கெட்டுவிடும். மனசுக்குள் கறுவிக்கொண்டு காத்திருந்தாள். மற்றவர்களுக்கு வரும் கடிதங்களை அன்றன்றைக்கே தள்ளிவிட்டாள். விதி சுவரோடு கிடந்தது.

புதன்கிழமை மேனேஜர் அவள் மேசைப் பக்கம் மூன்று தடவை நடந்தார். நான்காவது தடவை நின்றார்.

"எனக்கு ஏதாவது தப்பான எண்ணுக்கு வந்திருக்காம்மா?"

"வெள்ளிக்கிழமைதான் சார் திறக்கணும். நீங்க போட்ட விதிதானே."

"நீ தினமும் பாக்கறேன்னு ஸ்டோர்காரர் சொன்னாரே."

"அவர் எதைத்தான் சரியாச் சொல்லியிருக்காரு? போன வாரம் வளையம் நூறு இருக்குன்னாரு. எண்ணினா அறுபது."

"என் தலையை ஏன்க்கா உருட்டறீங்க?" என்றார் ஸ்டோர்காரர், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து. "நான் பாட்டுக்குச் சிவனேன்னு இருக்கேன்."

"அவசரமா சார்?" என்று அவள் கேட்டாள்.

அவசரம் என்றால் என்ன அவசரம் என்ற கேள்வி வரும். முதலாளி அறைக் கதவு திறந்தே இருந்தது.

"இல்லை இல்லை. சும்மா கேட்டேன்."

வாடிக்கையாளர் கம்பெனியிடம் அவரே கேட்டுவிடலாம். ஆனால் தானாகப் போய்க் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிற ஆள். அது அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாகப் பார்க்கிறாள்.

வியாழக்கிழமை மாலை நாலே முக்காலில் இருந்து அவள் வேறெதுவும் செய்யவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் பேனா மூடியைக் கழற்றுவதையும் போடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து அடித்தது. நான்கு மாதமாக உள்ளே எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று குளிர்ந்த மாதிரி இருந்தது.

வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் கடிதத்தை ஏழுக்குத் தள்ளினாள். ஒன்பது ஐந்துக்கு அவர் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"திங்கட்கிழமையே வந்திருக்கு."

"ஆமா சார்."

"நீ அன்னைக்கே படிச்சுட்டே."

"படிச்சேன். எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி வந்த கடிதத்தை நீங்க பதினொன்னே காலுக்குப் படிச்சீங்களே, அதே மாதிரி."

அவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ போயிருந்தா பட்டியல் நின்னிருக்கும்."

"நிக்கல சார். அப்பா செத்தது தெரியாமலே சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் கொடுத்தேன்."

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளியிடம் சொல்ல அவருக்கு வாய் இல்லை, சொன்னால் ஓடப் பார்த்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனி ஓய்வு பெறும்வரை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், அவள் கண்முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளும் அவர் கண்முன்னால். அந்த இரண்டாவது விஷயம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் படியேறும்போது கால் தரையில் படவில்லை. அப்பா போனதில் இருந்து தங்கை அவளோடுதான் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எழுபது, வியாழக்கிழமை, பேனா மூடி, ரத்தமில்லாத முகம். மேனேஜர் நாற்காலியைப் பிடித்ததை நடித்துக் காட்டினாள்.

தங்கை சிரிக்கவில்லை.

"இரு. அப்ப அந்த ஆளு பதினொன்னே காலுக்கே பாத்துட்டானா?"

"ஆமாங்கறேன்."

"நான் எண்ணை மாத்திப் போட்டதால இல்லையா?"

"நீ போட்டது போய்ச் சேர்ந்திருச்சுடி. பாத்துட்டு அமுக்கினது அவன். வந்து சொல்லியிருந்தா பன்னெண்டு மணிக்கு நான் அப்பா பக்கத்துல இருந்திருப்பேன்."

தங்கை பாதி மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"சர்வர் கைக்கு வந்தப்ப. நாலு மாசம் இருக்கும்."

கீழே தெருவில் யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள். தங்கை தலையை நிமிர்த்தினாள்.

"நாலு மாசமா நான் அழுததைப் பக்கத்துலயே படுத்துக்கிட்டுக் கேட்டியே, ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"