அடுத்த அறைச் சேவல்

வெள்ளை ஜெல்லாபா அங்கிக்குள் ஃபத்னாவின் வலக்கையை மட்டும்தான் நுழைக்க முடிந்தது. இடக்கையை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அடுப்படி நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூத்த மகள் கிஸ்லான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். இளையவள் இப்திஸாம் நாற்காலி சாய்ந்துவிடாமல் முட்டுக்கொடுத்தாள். அடுத்த அறையில் அவர்களுடைய வாப்பா பூஷைபின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளித் தண்ணீர் விழும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

"குளிப்பாட்டு அங்க நடக்குது. இங்க என்னை எதுக்குடி புரட்டுறீங்க?" என்றாள் ஃபத்னா.

"உம்மா, அஸர் தொழுகைக்கு ஜனாஸாவ எடுத்துருவாங்க. கூடத்துல நாப்பது பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. விதவை வெள்ளையில வரலேன்னா சஃபி ஊரே சிரிக்கும்" என்றாள் கிஸ்லான்.

"நான் விதவையே இல்ல."

ஜெல்லாபா மேல்மாடி ஹஜ்ஜா ஷாமாவுடையது. மூன்று கணவர்களை அடக்கம் செய்து, ஒவ்வொருவருக்கும் நான்கு மாதம் பத்து நாள் குறையாமல் வெள்ளை உடுத்தி முடித்த அனுபவசாலி அவள். செய்தி கேட்ட கால் மணி நேரத்தில் ஜெல்லாபா, முக்காடு, காலுறை, செருப்பு என்று அத்தனையையும் வெள்ளையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். ஆளோ வாட்டசாட்டமானவள். அந்த ஜெல்லாபாவைப் பாய்மரத்தில் கட்டினால், துறைமுகத்தில் நிற்கும் மத்திப் படகு ஒன்று சாயங்காலம் கிளம்பி விடிவதற்குள் பிரேசிலில் கரை தட்டிவிடும். ஃபத்னாவைப் போல் மூன்று பேரை அதற்குள் உட்காரவைத்துத் தேநீரும் கொடுக்கலாம்.

"பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடியே மூணு தலாக்கும் சொல்லிட்டார். யாரோ ஒரு ஆம்பள செத்ததுக்கு நான் ஏன் வெள்ளை உடுத்தணும்?"

"யாரோ ஒரு ஆம்பளையா? அப்ப நாங்க யாரு?" என்றாள் கிஸ்லான்.

"நீங்க அதுக்கு முன்னாடி பொறந்தவங்க. உங்களுக்கு ஒண்ணும் சிக்கல் இல்ல."

"கோர்ட்டுல ஒரு காகிதம் கிடையாது உம்மா. ஒரே மூச்சுல மூணு சொன்னா அது ஒண்ணுதான்னு இமாமே சொல்றார்."

"இமாமா இந்த வீட்ல குடித்தனம் நடத்தினார்? காகிதத்துல இல்லேன்னா என்ன, கூரையில இருக்கு பார்!"

மூன்று பேரும் ஒருசேர நிமிர்ந்தார்கள். அடுப்புக்கு நேர்மேலே, வட்டமாக, பழுப்பு நிறத்தில் அந்தக் கறை. அன்று குக்கர் விசில் அடிக்கவில்லை. தொடாதீங்க என்றாள் ஃபத்னா. மத்தி மீன் டப்பா ஆலையின் இயந்திரங்களையெல்லாம் முப்பது வருடம் அடக்கி ஆண்ட மெக்கானிக்கான பூஷைப், ஒரு குக்கருக்கா பயப்படுவார்? ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். மூடி கூரைக்குப் போனது. கொண்டைக்கடலை எட்டுத் திசைக்கும் போனது. அதில் பாதி இன்றுவரை தரைக்கு வந்து சேரவில்லை. உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் வெடித்தது என்றார் அவர். உங்க கை பட்டுத்தான் என்றாள் அவள். மீசையில் கடலையோடு நின்றபடி அவர் மூன்று முறை சொல்லிவிட்டார்.

அதன் பிறகு இருவரும் நீதிமன்றத்துக்கும் போகவில்லை, வீட்டைவிட்டும் போகவில்லை. போகவேண்டிய ஆள் மற்றவர்தான் என்று ஆளுக்கொரு அறையில் பத்தொன்பது வருடம் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. பேச்செல்லாம் மகள்கள் வழியாக. மகள்கள் கல்யாணமாகிப் போனபின் தொலைபேசி வழியாக. கிஸ்லான் காசாபிளாங்காவுக்குத் தப்பித்துப் போய்விட்டதால், இரண்டு தெரு தள்ளியிருந்த இப்திஸாம் மாட்டிக்கொண்டாள். ஃபத்னா அடுப்படியிலிருந்து அவளை அழைப்பாள்: "அந்த மனுஷன்கிட்ட கேளு, சூப்புக்கு உப்பு போதுமான்னு." இப்திஸாம் வாப்பாவை அழைப்பாள். அடுத்த அறையில் அவருடைய தொலைபேசி சேவல் மாதிரிக் கூவும். ஃபத்னாவுக்குச் சேவல் பிடிக்காது என்பதற்காகவே தேடிப் பிடித்து வைத்த சத்தம் அது. ஒரு சிட்டிகை உப்புக்காக அந்த ஊர்த் தொலைபேசிக் கோபுரங்களெல்லாம் ஒருதரம் அதிர்ந்து அடங்கும்.

இன்று காலை ஏழு மணிக்கும் அப்படித்தான்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லு, ரொட்டி ஆறுது."

இப்திஸாம் அழைத்தாள். எடுக்கவில்லை. உம்மாவைத் திருப்பி அழைத்தாள்.

"எடுக்க மாட்டேங்குறார் உம்மா."

"தெரியுது. சேவல் கத்திக்கிட்டே இருந்துச்சு. எடுக்கச் சொல்லு."

"எடுக்காதவர்கிட்ட எப்படி எடுக்கச் சொல்றது? போய் கதவைத் தட்டுங்க."

செருப்புச் சத்தம் கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்தது.

"நீ வா" என்றாள் ஃபத்னா.

இப்திஸாம் வந்துதான் கதவைத் திறந்தாள். அவர் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். தொலைபேசி தலைமாட்டில் கிடந்தது. அப்போதிருந்து அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்படி, கூடம், பால்கனி, மறுபடி அடுப்படி. யாரோ கொடுத்த தேநீரை எங்கோ வைத்துவிட்டு வேறு யாருடையதையோ எடுத்துக் குடித்தாள். நேற்றுச் சாயங்காலம் வாப்பா அழைத்துச் சொன்னதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"எதுக்கு இப்படி எலி மாதிரி ஓடுற? ஒரு எடத்துல நில்லு" என்றாள் கிஸ்லான்.

"நீ இத்தனை வருஷம் காசாபிளாங்காவுல நின்னியே, அது போதும்."

"மூணு மணி நேரத்து ரோட்ட ரெண்டு மணியில வந்திருக்கேன்!"

"அந்த வேகத்துல ரெண்டு பெருநாளைக்கு வந்திருக்கலாம்."

கதவு திறந்தது. முதலில் ஹஜ்ஜா ஷாமாவின் வயிறும் பிறகு ஹஜ்ஜா ஷாமாவும் வந்தார்கள்.

"இன்னுமா உடுத்தல? லல்லா ஃபத்னா, என் ரெண்டாவது புருஷனுக்கு நான் ஏழே நிமிஷத்துல உடுத்தினேன். அதுலயும் அழுகைக்கு ரெண்டு நிமிஷம் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "குளிப்பாட்டி முடிச்சுட்டாங்க. கபன் துணி சுத்தியாச்சு. வீட்டுக்காரங்க வந்து கடைசியா முகம் பாக்கலாமாம்" என்றாள்.

"நான் வரல" என்றாள் ஃபத்னா. "அன்னிய ஆம்பள முகத்த நான் பாக்கக் கூடாது."

சொல்லும்போது குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. நாற்காலிக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்திருந்தன. இப்திஸாம் அதைப் பார்த்தாள்.

கிஸ்லான் மேற்கொண்டு இழுக்க வந்தாள். "அக்கா, நீ போய் முகம் பார். ஹஜ்ஜா, நீங்களும்" என்று இருவரையும் வெளியே தள்ளி, இப்திஸாம் கதவைச் சாத்தினாள். கூடத்தில் ஓதும் சத்தம் குறைந்தது. அவள் உம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"நேத்து வாப்பா போன் பண்ணினார்."

"அந்த மனுஷன் தினமும்தான் பண்ணுவார்."

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார். நான் கேக்கல."

ஃபத்னா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில சேர்ந்து டீ குடிக்கலாமான்னு. இங்க, அடுப்படியில."

சுவருக்கு அப்பால் வாளிகளை அடுக்கினார்கள். ஒன்று உருண்டு போய் நின்றது.

"ஏன் கேக்கல?"

"பால் பொங்கிருச்சு. அப்புறம்... அலுத்துப்போச்சு உம்மா. நீங்களே கேளுங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். 'அவ நம்பர் என்கிட்ட இல்லையே'ன்னார். சரி சொல்றேன்னு வெச்சுட்டேன். அப்புறம் மறந்துட்டேன்." தரையைப் பார்த்தபடி, "மறக்கல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஃபத்னா கூரையைப் பார்த்தாள். அந்த வட்டத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கடலைத் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக ஏணி போட்டு அதைச் சுரண்டவும் அவள் விட்டதில்லை, வெள்ளையடிக்கவும் அவர் விட்டதில்லை.

"எத்தனை மணிக்குன்னு சொன்னாரா?"

"ஏழு மணிக்கு."

"ரொட்டி சூடா இருக்கிற நேரம்" என்றாள் ஃபத்னா.

நாற்காலிக் கம்பியை விட்டாள். இடக்கையை முன்னால் கொண்டுவந்து, கை நுழைக்கும் வாய் எங்கே என்று அந்த வெள்ளைப் பெருவெளிக்குள் தானே துழாவித் தேடினாள். இப்திஸாம் உதவப் போனபோது தட்டிவிட்டாள்.

கூடம் வழியாக அவள் நடந்து போனபோது ஜெல்லாபாவின் அடிப்பகுதி இரண்டு முழம் பின்னால் இழுபட்டு வந்தது. நாற்பது பெண்களும் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். அடுத்த அறைக்குள் போய் நின்று பார்த்தாள். குனியவில்லை. "கன்னத்துல வலதுபக்கம் சரியா மழிக்கல" என்று மட்டும் கிஸ்லானிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஜனாஸாவைக் குறுகலான மாடிப்படியில் இறக்குவதற்குள் தூக்க வந்த எட்டு ஆண்களும் எட்டு விதமாக யோசனை சொன்னார்கள். கடைசியில் ஹஜ்ஜா ஷாமா மேலேயிருந்து கத்திய யோசனைப்படி இறக்கினார்கள். அவளுக்கு அந்தப் படியில் பழக்கம் அதிகம். கலிமா சொல்லும் குரல்கள் தெருமுனை திரும்பி, கடற்காற்றில் கொஞ்ச நேரம் வந்து வந்து போய், நின்றன.

பெண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அண்டைவீட்டார் கொண்டுவந்த தேநீர்த் தட்டு சுற்றி வந்தது. ஃபத்னா ஒரு கோப்பையை எடுத்து முன்னால் வைத்தாள், குடிக்கவில்லை. பிறகு ஜெல்லாபாவின் மடிப்புகளுக்குள் கையை விட்டு, முழங்கைவரை தேடி, தன் தொலைபேசியை வெளியே எடுத்தாள். அதில் இரண்டே எண்கள்தான் உண்டு. இரண்டும் மகள்களுடையவை.

"இப்திஸாம், அந்த மனுஷன் நம்பர் என்ன?"

"உம்மா, இப்ப எதுக்கு..." என்று கிஸ்லான் எழுந்தாள்.

இப்திஸாம் அக்காவின் முக்காட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். காலையிலிருந்து முதல்முறையாக அவளும் எழும் எண்ணமில்லாமல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஃபத்னா ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஏழாவது எண்ணை இன்னொருதரம் கேட்டாள்.

சுவருக்கு அப்பால் சேவல் கூவியது.

"சாயங்காலம் ஆகப்போகுது, இப்ப யார் வீட்டுச் சேவல்?" என்றாள் ஹஜ்ஜா ஷாமா.

சேவல் இரண்டாவது முறை கூவியது. மூன்றாவது முறை கூவியது. ஃபத்னா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், விரல்களை மூடிக்கொண்டு நழுவும் ஜெல்லாபாவின் நீளமான கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.