கழுவிவிட்ட அறை

கடைக்கு மேலே இருக்கும் அறையைத் தனியாக வரும் பெண் பிள்ளைகளுக்கு விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தவள் நான். கார்குழலி வந்து நின்றபோது அந்தப் பிடிவாதம் எங்கே ஓடிப்போனதோ தெரியவில்லை. மலேசியாவில் கிள்ளான் பக்கத்துப் பெண். எம்.பி.ஏ. படிப்பின் கடைசி வருஷத்தை முடிக்கச் சென்னைக்கு வந்திருந்தாள். எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஏன் ரோட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ப்ராஜெக்ட். அதைத் தண்டையார்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே, இதற்கா கடல் தாண்டி வந்தாய் என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. திசையன்விளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு அரிசி, பருப்பு மொத்த வியாபாரத்தை நானே பார்க்கிறேன். செல்லக்கனி கடை என்றால் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும், என் வாயும் தெரியும். குழலி மட்டும்தான் அந்த வாய்க்குப் பயப்படவில்லை. சாயங்காலம் லாரிப் புழுதியோடு வந்து, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, எந்த டிரைவர் என்ன புலம்பினார் என்று ஒன்று விடாமல் சொல்வாள். நாளாக ஆக, அவள் குரலைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

கடைசி வாரம் வந்தது. இங்கிருந்து நேராக ஜெர்மனி, ஹாம்பர்க் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே வேலை. வேலை உறுதியான அன்றைக்கே அவள் மனசு விமானம் ஏறிவிட்டது. டேபிள் ஃபேனை என் கடையில் வேலை பார்க்கும் மலிகாவுக்குக் கொடுத்தாள். பெட்டியைக் கடைத் தராசில் ஏற்றி எடை பார்த்தாள். எடை கூடிப்போய், எதை எடுத்து வெளியே வைத்தாள் தெரியுமா? பொங்கலுக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த சுங்குடிப் புடவையை. அங்கே குளிரில் கட்ட முடியாதாம், நீங்களே வச்சுக்குங்கக்கா என்றாள். எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. சரிம்மா என்று வாங்கிப் பீரோவில் வைத்தேன்.

புதன்கிழமை காலையில் டாக்சி வந்தது. நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். அப்போதும் ஒரு கையில் போன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவேண்டுமே? ம்ஹூம். கார் கல்மண்டபம் பக்கம் திரும்பும்வரை நின்று பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வந்ததே எனக்குக் கோபம். போனவளுக்கு இல்லாத வருத்தம் எனக்கு மட்டும் எதற்கு என்று விறுவிறுவென்று மாடி ஏறினேன். மறுநாள் வேறொரு பையன் குடிவருவதாக இருந்தான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஃபினாயில் போட்டு, அறையைத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் படியில் வழிவதைப் பார்த்துவிட்டு மலிகா ஓடி வந்தாள். வியாசர்பாடிக்காரி, எதற்கும் அசராதவள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது? பொண்ணு ஏர்போர்ட்டு கூட போய்ச் சேந்திருக்காது. அதுக்குள்ள கழுவிகினு கீற? பொணம் எடுத்த வூட்டத்தான் இப்டி கழுவுவாங்க."

எனக்கு மட்டும் தெரியாதா? ஒருவர் பயணம் புறப்பட்டால் அன்றைக்கு வீட்டைக் கூட்டவே மாட்டோம், கழுவுவது எங்கே. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. அவள் ஏறினது விமானம்டி, பாடை இல்லை, போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். மலிகா முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

உச்சி வெயிலில் மலிகா சாப்பிடப் போயிருந்தாள். தெருவில் ஈ, காக்கை இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்தால், குழலி கடைப் படியில் நிற்கிறாள். கையில் பெட்டி இல்லை, பை இல்லை, போன்கூட இல்லை.

"போகலக்கா" என்றாள்.

என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. விமானம் ரத்தாகியிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டி மாடிப்படி ஏறும்போது ஃபினாயில் வாசனை குப்பென்று அடித்தது. தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்தில் காய்கிற தரை, இன்னும் இப்போதுதான் கழுவிவிட்ட மாதிரி ஈரமாக இருந்தது. அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். துணி நனையவில்லை. முகத்தில் பொட்டு வியர்வை இல்லை. சோற்றைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தாள்.

"அக்கா, நான் இங்கயே இருந்துடட்டுமா?"

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். "இருடி தங்கம். உன்னை யாரு போகச் சொன்னது?" என்றேன்.

தண்ணீர் கொண்டுவரக் கீழே இறங்கினேன். கல்லாவில் போன் அடித்துக்கொண்டிருந்தது. குழலியின் பெயர். போனை யாரிடமோ விட்டுவிட்டாள்போல என்று எடுத்தேன். எடுத்தால் அவள் குரல். பின்னால் விமான நிலையத்து அறிவிப்பு, இங்கிலீஷிலும் இந்தியிலும். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அக்கா, எனக்கு என்னமோ ஆகுது. கால் ரெண்டும் மரத்துப் போச்சு, நாற்காலிய விட்டு எழுந்திரிக்க முடியல. கடைசியா என் பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க. மூச்சு விடவே கஷ்டமா இருக்குக்கா. நான் வந்துடட்டுமா?"

மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்கிறேன், வந்துடு என்று சொல்லத்தான் முதலில் வாயைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது. செத்தவளை அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறேன். உடம்பு அங்கே கிடக்கிறது, உயிர் பாதி வழியில் திரும்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை இரு என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இது இங்கே தங்கினால் அந்த நாற்காலியில் இருப்பது எத்தனை நேரம் தாங்கும்? பாவி, என் ஆசைக்கு ஒரு பிள்ளையைக் கொன்றுவிடுவேனே.

புறப்பட்டவர் பாதியில் திரும்பி வந்தால் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி அனுப்பிவைக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. போனை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, டம்ளரோடு மாடி ஏறினேன். பாதித் தண்ணீர் படியிலேயே சிந்திவிட்டது.

"இதக் குடிச்சிட்டுக் கிளம்பு."

"நீங்கதானே இருக்கச் சொன்னீங்க?"

"அப்பச் சொன்னேன். இப்பச் சொல்றேன், கிளம்பு."

"நான் போயிட்டா உங்களுக்கு யாருக்கா இருக்கா?"

ஐயோ, அந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "உன்னை நம்பியா நான் பொழைக்கிறேன்? வாடகைக்கு வந்தவதானே நீ, போ" என்றேன். என் கடுகடுத்த குரல் அன்றைக்குத்தான் உதவிக்கு வந்தது. அவள் டம்ளரை வாங்கி, ஒரே மடக்கில் குடித்தாள். என்னைத் தொடாமல் ஒதுங்கி, படியிறங்கிப் போனாள். காதில் போன் பேசியது. "அக்கா, எழுந்துட்டேன். நடக்க முடியுது. கதவ மூடப் போறாங்க, வைக்கிறேன்." கட்டாகிவிட்டது.

நான் இறங்கி வரும்போது மலிகா உள்ளே நுழைந்தாள். முகமெல்லாம் குழப்பம். குழலி போவலையா என்று கேட்டாள். ரோட்டில் எதிரே வந்ததாம், கூப்பிட்டும் திரும்பவில்லையாம், அழுதுகொண்டே போனதாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். துறைமுகப் பக்கம் என்றாள். ஏர்போர்ட்டுக்கு அந்த வழி இல்லை.

அடுத்த மாசம் ஹாம்பர்க்கிலிருந்து குழலி போன் செய்தாள். வேலை நன்றாக இருக்கிறதாம், குளிர் பழகிவிட்டதாம். சந்தோஷமாகத்தான் பேசினாள், வங்கியில் பேசுகிற பெண்களைப்போல. அன்றைக்கு ஏர்போர்ட்டில் அப்படி அழுதாயே என்று கேட்டேன். நானா அழுதேன் என்று சிரித்தாள். சாயங்காலம் மூட்டை மேல் உட்கார்ந்து பேசுவாயே, ஞாபகம் இருக்கிறதா என்றேன். ரூம் வசதியா இருந்தது, காத்து நல்லா வரும் என்றாள்.

அப்போது மலிகா என் முழங்கையைப் பிடித்தாள். எதிர் பஸ் ஸ்டாப்பில், கொளுத்துகிற வெயிலில், அவள் நின்றுகொண்டிருந்தாள். நம் கடையையேதான் பார்த்தாள்.

"அக்கா, அதோ குழலி. கூப்டட்டுமா?"

கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், அங்கே இருக்கிறவளுக்கு மறுபடி மூச்சு முட்டும். போனில் இன்னொருத்தி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லா இரும்மா என்று வைத்தேன். வாயைத் திறக்காதே என்று மலிகாவைத் தடுத்துவிட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவரம்பருப்பு மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தேன்.