தூக்கம்: இல்லை

பன்னிரண்டு நாற்பது. வாலு கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள்.

ஆயா கரண்டியை விரல்களிலிருந்து கழற்றினாள். வாயைத் துடைத்து, பாயில் கிடத்தினாள். பிறகுதான் மற்ற ஒன்பது குழந்தைகளுக்கும் தட்டு வைத்தாள்.

காப்பகத்தில் குழந்தைக்கு ஒரு நோட்டு. சாப்பாடு, மலம், தூக்கம் என்று மூன்று கட்டங்கள். சாயங்காலம் அம்மாக்கள் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். வாலுவின் நோட்டில் தூக்கத்துக்கு நேராக மூன்று வாரமாக 'இல்லை'.

அது அம்மாவின் உத்தரவு. அவள் விடிகாலை நாலரைக்கு பேக்கரியில் மாவு பிசைகிறவள்.

"மத்தியானம் தூங்கிட்டு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஆட்டம் போடுறாக்கா. நான் எப்பத்தான் படுக்கிறது? கண்ணு செருகினா தண்ணி தெளிச்சு எழுப்பிடுங்க."

ஆயா இரண்டு நாள் தெளித்தாள். வாலுவுக்கு இரண்டே கால் வயது. முதல் நாள் பக்கத்துக் குழந்தையைக் கடித்தாள். மறுநாள், தெரிந்த சொல்லான 'பந்து'கூட வாயில் வரவில்லை. பந்தைக் காட்டினால் அழுதாள்.

மூன்றாம் நாள் ஆயா தெளிக்கவில்லை. வாலு மெதுவாகச் சாப்பிடுவாள் என்று அதுவரை அவளுக்குக் கடைசியாக ஊட்டிவந்தாள். அதனால் வாலு மூன்றரைக்குத்தான் படுப்பாள், ஐந்தரைக்கு எழுவாள்; ராத்திரித் தூக்கம் தள்ளிப்போகும். அன்று முதலில் ஊட்டினாள். இரண்டரைக்குள் எழுப்பினாள். நோட்டில் 'இல்லை' என்று எழுதினாள்.

எழுந்த வாலு சொன்னாள்: "பந்து ஓடிப்போச்சு."

இன்று சமையல்காரி நோட்டை எட்டிப் பார்த்தாள். "கும்பகர்ணிக்குப் பக்கத்துல உக்காந்தே 'இல்லை'ன்னு எழுதுறியே. கை கூசலையா? அவங்கம்மாகிட்ட சொல்லிடேன்."

"சொன்னா வேற காப்பகத்துல சேர்த்துடுவா. அங்க தெளிப்பாங்க."

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். முழங்கையில் மாவு. வாலு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கோயில்தான் கட்டணும். எட்டு மணிக்கே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா. நான் சொன்னப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்களே, இப்பப் பாருங்க." பாராமலேயே கையெழுத்துப் போட்டாள். "எங்க பேக்கரில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் தங்கச்சியும் முந்தாநாள்லேருந்து அவ பையனை மத்தியானம் தூங்க விடுறதில்ல."

"அவனுக்கு என்ன வயசு?"

"ஒண்ணரை. ஒரே அழுகையாம், தலையைச் செவுத்துல முட்டிக்கிறானாம். பழகிடும், நோட்டே சாட்சின்னு சொன்னேன். நம்ம வாலு எத்தனை நாள்ல பழகினாக்கா?"

ஆயா நோட்டை வாங்கினாள். இன்றைய 'இல்லை'யை அடித்துவிட்டு, 12.40 – 2.25 என்று எழுதினாள். நேற்றையதை அடித்தாள். பக்கத்தைத் திருப்பி அதற்கு முந்தையதையும் அடித்தாள். அம்மாவின் சிரிப்பு நின்றது.

"முதல்ல தங்கச்சிக்கு போன் போட்டு, பையனைத் தூங்க விடச் சொல்லும்மா. அப்புறம் என்னைத் திட்டு."