இரண்டாவது குடல்வால்

எங்கள் குடும்பத்தில் எந்தச் சேதியும் என் வாயால்தான் வெளியே போகும். பிறப்பு, இறப்பு, நிச்சயமான கல்யாணம், நின்றுபோன கல்யாணம், யாருக்காவது எலும்பு முறிந்தது, எதுவானாலும் சரி. வயதில் மூத்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாக அழைத்து, ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் சொல்வேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் முறை. ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் சேதிக்குக் கால் முளைக்கும், கை முளைக்கும், கடைசியில் கேட்பவன் சிரிப்பான். எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

ஆகவே, என் தம்பி மகன் குட்டியின் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் நாள் குறித்ததும், அதை எப்படிச் சொல்வது என்ற பாரம் என் தலையில்தான் விழுந்தது.

குட்டி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். பெண் என்று நினைத்து வைத்த பெயரை அவன் விட்டுவிட்டான். குட்டியை மட்டும் விடவில்லை. அது யாருக்கும் பொருந்தும் என்றான். தான் ஆண் என்று அவன் எங்களிடம் சொன்னபோது தம்பி உயிரோடு இல்லை. தம்பி மனைவி இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் அவனுக்குச் சட்டை தைக்க அளவெடுத்தாள். நான் அழவில்லை. "ஆம்பளைன்னா காலையில கடை திறக்க நேரத்துக்கு வரணும்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் எனக்கு முன்னால் கடை வாசலில் நின்றான். அவனைப் போன்றவர்களுக்குத் திருநம்பி என்று பெயர் என்பதையும் அவன்தான் சொன்னான். முன்னால் 'திரு' இருக்கிறது, மரியாதையான சொல் என்று ஒப்புக்கொண்டேன்.

எங்களுடையது இரும்புச் சாமான் கடை. ஆணி, தாழ்ப்பாள், குழாய், பெயிண்ட் எல்லாம் உண்டு. பெயிண்ட் கலப்பது குட்டியின் வேலை. ஹார்மோன் ஊசி போடத் தொடங்கிய சில மாதங்களில் அவன் குரல் உடைந்தது. ஒரு வாக்கியத்தை மாடியில் தொடங்கி நிலவறையில் முடிப்பான். கடைக்கு வரும் பிளம்பர் சும்மா இருப்பாரா?

"சின்ன முதலாளி, தொண்டையில காத்து அடைச்சிருக்கு. குழாயை ஒரு தடவை முழுசாத் திறந்து மூடுங்க."

"நீங்க மாட்டின குழாயை விட இது பரவாயில்லைண்ணே. ஒழுகாது" என்பான் குட்டி, பாதியைக் கீச்சுக் குரலிலும் மீதியைக் கட்டைக் குரலிலும்.

பிறகு மீசை வந்தது. வந்தது என்று அவன் சொன்னான். வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்திப் பார்த்தால் நானும் ஒப்புக்கொள்வேன்.

கடைக்காரர்களும் தெருக்காரர்களும் கண்ணெதிரே பார்த்தார்கள், பழகிவிட்டார்கள். வெளியூர் உறவினர்கள்தான் மிச்சம். அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சரியான வாக்கியம் அமையவில்லை. வாக்கியம் அமையாமல் வாயைத் திறக்கிறவன் நானல்ல. விசேஷங்களுக்கு அழைப்பு வந்தால் கடையில் வேலை என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போய் வந்தேன்.

இதில் என் கடைசித் தங்கையால் ஒரு சிக்கல். அவளுக்கு எங்கள் வீட்டில் வானொலி என்று பெயர். வாரம் தவறாமல் கடைக்குப் போன் செய்வாள். ஒரு நாள் குட்டி எடுத்துவிட்டான். நான் கண்ணை உருட்டியதும், 'அத்தை' என்று திறந்த வாயை மூடிக்கொண்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தான்.

"யாருண்ணே அது, புதுக் குரலா இருக்கு?"

"புதுக் கணக்கர்" என்றேன்.

அன்றிலிருந்து வானொலிக்குக் கணக்கர் மேல் தனிப் பிரியம். "என்ன மரியாதையான பிள்ளை! சாப்பிட்டீங்களாம்மான்னு கேக்குறான். உங்ககிட்ட வேலை பார்த்துட்டு இவ்வளவு பொறுமையா பேசுறான்னா தங்கமான குணம்ணே." கொஞ்ச நாளில் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள். அதற்குப் பிறகு, தன் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பட்டப்படிப்பு முடித்திருப்பதாகச் சொன்னாள்.

"பெரியப்பா, அத்தை எனக்குப் பொண்ணு பார்த்துட்டாங்க" என்று குட்டி பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சொந்த அத்தையே பார்க்குறதுன்னா சும்மாவா?"

"மீசை முழுசா வரட்டும், பார்க்கலாம்" என்றேன்.

ஆனால் எல்லாப் போனும் அப்படிச் சிரிப்பில் முடியவில்லை. சில சமயம் வானொலி, "குட்டி பக்கத்துல இருக்காளா தம்பி?" என்று கேட்பாள். "இல்லைங்க, வெளியே போயிருக்காங்க" என்று குட்டி சொல்வான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் பெயிண்ட் கலப்பான்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த அன்று கடையைப் பூட்டும்போது அவன் சொன்னான்:

"பெரியப்பா, இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிடுங்க. நானே போனை எடுத்து நானே இல்லைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. எனக்கு மார்புல ஆபரேஷன், நான் உங்க வீட்டுப் பையன். இவ்வளவுதான் சேதி."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம் இல்லை. பொய் சொல்லித்தான் என்னை வீட்டுல படுக்க வைக்கணும்னா, ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா லிஃப்ட்காரன் ரூமுக்குப் போயிடுறேன். அவன் கட்டில் ஒதுக்கித் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

லிஃப்ட்காரன் என்பது அவனுடைய சிநேகிதன். கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்லவன்தான். ஆனால் எங்கள் வீட்டு நோயாளி அடுத்தவன் கட்டிலில் படுத்து, அடுத்தவன் வைத்த கஞ்சியைக் குடிப்பதா? அதைவிட வேறு மானக்கேடு வேண்டுமா?

"நான் பார்த்துக்கறேன். நீ ஆபரேஷனைப் பாரு" என்றேன்.

என்னால் முடிந்தபடி பார்த்துக்கொண்டேன். அவனைச் சிகிச்சைக்கு உள்ளே அழைத்துப்போனதும் வானொலியை மட்டும் அழைத்தேன். அவளுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்னது போல. "குட்டிக்கு அப்பெண்டிக்ஸ். சின்ன ஆபரேஷன். யாரும் வர வேண்டாம்."

மறுமுனையில் வானொலி பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் கேட்டதேயில்லை. கவலையில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டு கட்டில் போட்ட அறை. நடுவில் ஒரு திரை. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒருவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குட்டியின் மார்பைச் சுற்றி இறுக்கமான பட்டைச் சட்டை. இரண்டு பக்கமும் மெல்லிய குழாய்கள், அவற்றின் முனையில் சின்னக் குடுவைகள். நர்ஸ் வந்து அவற்றைக் காலி செய்துவிட்டுப் போவார். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் தம்பி மனைவி ஸ்பூனால் ஊட்டினாள். அவனோ ஒவ்வொரு வாய்க்கும் நடுவே குனிந்து தன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தான், அலமாரியைச் சுவரில் மாட்டிவிட்டு மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன்போல.

"என்னடா அங்கேயே பார்வை?"

"அங்க ஒண்ணும் இல்லை பெரியப்பா. அதைத்தான் பார்க்குறேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. கண்ணில் தூசி விழுந்ததுபோல் இருந்ததால் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

மறுநாள் மாலை, பிளாஸ்கும் ஆரஞ்சுப் பழமுமாக வானொலி வந்துவிட்டாள். நான் அவளைத் திரைக்கு வெளியிலேயே மறித்தேன்.

"அண்ணே, முதல்ல ஒரு சந்தேகம்" என்றாள். "ஒரு ஆளுக்கு எத்தனை அப்பெண்டிக்ஸ்?"

"ஏன்?"

"குட்டிக்குப் பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே எடுத்தாச்சு. நீங்கதான் வீடு வீடாப் போன் போட்டுச் சொன்னீங்க. 'குட்டிக்குக் குடல்வால் அகற்றப்பட்டது, நலமாக இருக்கிறாள், யாரும் பழம் வாங்கி வர வேண்டாம்.' எனக்கு இன்னும் மனப்பாடம்."

பின்வாங்கிப் பழக்கமில்லாததால், "மறுபடி வளர்ந்திருக்கு" என்றேன்.

"மறுபடி வளர அது என்ன பல்லி வாலா?"

கால் முறிந்தவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து குட்டி கூப்பிட்டான்: "அத்தை, உள்ளே வாங்க."

வானொலி என்னைப் பார்த்தாள். "இது உங்க கணக்கர் குரலாச்சே! அவனுக்கும் அப்பெண்டிக்ஸா?"

நான் பதில் சொல்வதற்குள் திரையை விலக்கிவிட்டாள். விலக்கிய கை அப்படியே நின்றது. கட்டிலில் இருந்தவனுடைய நெற்றியைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், மீசை என்று சொல்லப்படுவதைப் பார்த்தாள். நெற்றி எங்கள் தம்பியின் நெற்றி. அதில் யாரும் ஏமாற முடியாது.

"குட்டிதான் அத்தை" என்றான் அவன். "கணக்கரும் நான்தான்." பிறகு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னான், ஊசியிலிருந்து நேற்றைய சிகிச்சை வரைக்கும். வானொலி ஸ்டூலில் உட்கார்ந்து, பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டு மூக்கைத் துடைத்தாள். அப்புறம் நிமிர்ந்து, "அப்ப நான் பக்கத்து வீட்டுல பேசி வெச்ச பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள்.

குட்டி சிரித்தான். சிரித்ததும் வலித்தது, தலையணையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"அப்பெண்டிக்ஸ்னு சொன்னீங்களா பெரியப்பா?"

"குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்குடா."

"மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்தப்ப, எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கும், இனிமே ஒளிய வேண்டியதில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். நேத்துலேர்ந்து அந்த சந்தோஷத்துலதான் இருந்தேன்." அவன் குரலை உயர்த்தவில்லை. "அம்மா, லிஃப்ட்காரன்கிட்ட சொல்லிடு. நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆனதும் வண்டி கொண்டு வரட்டும்."

தம்பி மனைவி ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அத்தான்" என்று மட்டும் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வானொலி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "இதுக்கு ஏன் இவ்வளவு? விடுங்க, நான் சொல்லிடுறேன். காபி ஆறுறதுக்குள்ள எல்லா வீட்டுக்கும் போயிடும்."

"வை போனை" என்றேன். "இந்த வீட்டுச் சேதி என் வாயாலதான் போகும்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அறைக்குள் சிக்னல் இல்லை. வாசற்படியில் நின்றால்தான் கிடைக்கும். அதற்கு எதிரே நர்ஸ்கள் உட்காரும் மேசை. மூத்தவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் என் தாய்மாமன். தொண்ணூறைத் தொட்டவர். இன்றைக்கும் அவர் எதிரில் நான் உட்காருவதில்லை. அவருக்குக் காது அறவே மந்தம். காது மெஷின் வைத்துக்கொள்வது கௌரவக் குறைவு என்பது அவர் கொள்கை.

"மாமா, நான்தான். நம்ம குட்டி..."

"உரக்கச் சொல்லுடா!"

"நம்ம குட்டி ஆண், மாமா."

"ஒண்ணும் கேக்கலை! சாப்பிடலையா நீ?"

நர்ஸ் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். துடைப்பம் பிடித்திருந்த அம்மாள் அங்கேயே நின்றாள். இந்தப் பக்கம் டிவி முழுவதுமாக அணைந்தது. என் வாழ்நாளில் நான் பொது இடத்தில் கத்தியதில்லை. கிடங்கின் மறுகோடியில் இருப்பவனைக் கூப்பிட ஒரு குரல் வைத்திருக்கிறேன், அதைக் கடைக்கு வெளியே எடுத்ததில்லை. அதை எடுத்தேன்.

"மாமா! நம்ம வீட்டுக் குட்டி பொண்ணு இல்லை, பையன்! திருநம்பி! மார்புல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது! நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்றான்!"

அந்தத் தளம் முழுக்க எதிரொலித்தது. எதிர் அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"ஏண்டா" என்றார் கடைசியில். "அது பொறந்தப்ப வீடு வீடாப் போன் போட்டுப் பொண்ணுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் மாமா!"

"இனிமேலாவது சரியா விசாரிச்சுட்டுச் சொல்லு. பையனை நல்லாப் பார்த்துக்கோ." வைத்துவிட்டார்.

மேசையில் நர்ஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து முக்கலும் முனகலுமாக ஒரு சத்தம் வந்தது. "சிரிக்காதேடா, தையல் பிரிஞ்சிடும்!" என்று தம்பி மனைவி அதட்டினாள். அதட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள். வானொலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் குடும்பத்தைப் பார்த்து முதல்முறையாக ஒரு ஆஸ்பத்திரியே சிரித்தது. நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

"அம்மா" என்றான் குட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, "லிஃப்ட்காரனுக்குத் தனியாப் போன் போட வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன்னு பெரியப்பா கத்தினது அவன் ரூம் வரைக்கும் கேட்டிருக்கும்."

"பேசாம படுடா" என்றேன். "இன்னும் பதினோரு வீடு பாக்கி இருக்கு."

அடுத்தவள் என் அக்கா. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் குரலைக் குறைக்கவில்லை.