நிரம்பிய எண்

...அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து, சற்று முன்பும் அதுதான், இப்போதும் அதுதான், கழித்தால் பூச்சியம், பூச்சியம் என்றால் புதிதாகப் பிழை இல்லை, அப்படித்தானே நெட்வொர்க்கைச் சோதிக்கும் என் ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருக்கிறேன், எழுதிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது... கடைசி மெஷினின் கேபிளைச் செருகியிருக்கும் போர்ட்டில் பிழைகளை எண்ணும் கவுண்டர் அதற்குமேல் எண்ணாது, நிரம்பினால் அப்படியே நின்றுவிடும், இது எனக்குத் தெரியாதா, தெரியும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். நிரம்பி வழியும் குடத்தை இரண்டு முறை அளந்துவிட்டு, ஒரு சொட்டும் ஏறவில்லை, குழாய் மூடித்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்த மகராசன் நான். கழிப்பதற்கு முன் அந்த எண்ணை ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லையே. பச்சை எழுத்தில் ‘சுத்தம்’ என்று வந்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

அக்கா எத்தனை தடவை என் மேசையருகே வந்து நின்றார்... கூடப்பிறந்த அக்கா இல்லை, இந்த அலுவலகத்தின் வானிலைக் கணக்குகளை ஓட்டுகிறவர், வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. “தம்பி, அந்தக் கடைசி மெஷின் பக்கம் போனாலே கணக்கு திணறுது, ஒரு தடவை பாருங்களேன்.” பார்த்தாச்சு அக்கா, சுத்தமா இருக்கு, என்பேன், திரையிலிருந்து தலையைக் கூடத் திருப்பாமல். அதோடு விட்டேனா? மேலாளர் கூட்டத்தில் காரணம் கேட்டபோது, இந்த நரம்பில்லாத நாக்கு சும்மா இருந்ததா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் சார், என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், ஐயோ, அதுதான் இப்போது அரிக்கிறது, ஏன் சிரித்தார், திட்டியிருக்கலாமே... அடுத்த வாரமே கணக்குகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவரைப் பழைய கோப்புகளை நகலெடுக்க உட்காரவைத்தார்கள். இன்றைய கூட்டத்தில் குழுவிலிருந்தே அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பேச்சு.

கூட்ட அறைக்கு நடக்கும்போதே அந்தக் கெட்ட புத்தி எட்டிப் பார்க்கிறது... யாருக்குத் தெரியும்? பழுதான கேபிளை மாற்றிவிட்டு, கவுண்டரைத் துடைத்துப் பூச்சியமாக்கிவிட்டால் முடிந்தது, தடயமே இருக்காது, முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் போய்விடும். ஒரே ஒரு கட்டளை. சீ, என்ன பிறவி நான். மடிக்கணினியை மூடாமல் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அக்கா கதவோரம், முதுகு சாயாமல். மேலாளர் சுற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார், உங்க பக்கம் ஏதாவது பிரச்சினை இருக்காம்மா என்றார்.

“ஒண்ணும் இல்ல சார்.”

போன கூட்டத்திலும் இதைத்தான் சொன்னார், அப்பாடா, இப்போதாவது புரிந்துகொண்டாரே என்று நான் நிம்மதியாக இருந்தேன்... அதுவும் நிரம்பி நின்றதுதானோ, இனிமேல் சொல்ல இடமில்லாமல்? நெட்வொர்க் பக்கம் என்ன என்று மேலாளர் என்னைப் பார்த்தார். இன்று கூசுகிற இந்த உடம்பு அன்று எங்கே போயிருந்தது...

“கூடம்தான் சார் கோணல்,” என்றேன். “அக்கா கணக்குல தப்பே இல்ல. என் ஸ்கிரிப்ட்தான் தப்பு. கோளாறு அவங்க சொன்ன மெஷின்லதான்.”

யாரும் சிரிக்கவில்லை. மடிக்கணினியை மேலாளர் பக்கம் திருப்பினேன், அந்த எண் அங்கேயே இருந்தது. மற்றவர்கள் குனிந்து பார்க்க, அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இருக்கிறதா என்று தேடினேன், நிம்மதி இருக்கிறதா என்று தேடினேன், அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை... ஒன்றுமே இல்லை என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்?