பாதாளக் கரண்டிக்கு ஈடு

செவிலிமேட்டில் அர்ஜுனன் செய்த பாதாளக் கரண்டியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கிற கொக்கிக் கொத்து எல்லா ஊரிலும் உண்டுதான். இவனுடையதோ இடுப்பு உயரம். மாட்டுவண்டி இரும்பில் முறுக்குக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து, நுனிகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தான். ஆற்றடியில் கிடக்கும் பழைய பொருள் கீறிவிடக் கூடாதாம். பயிரை விட்டுவிட்டு ஆற்று மண்ணைச் சீவுகிறான், பைத்தியக்காரன் என்றது ஊர். ஐப்பசி வெள்ளம் வடிந்தபின் பாலாற்று மடுவிலிருந்து ஓர் ஐம்பொன் அம்மனை அவன் இழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் அந்த வாய்கள் மூடின.

அம்மனுக்கு இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. அர்ஜுனன் மனைவி தேவகி அதைப் பெரிசுபடுத்தவே இல்லை. புளி போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, தன் புது மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டினாள். அவர்கள் தெருக் கோயிலில் அம்மன் என்று இருந்தது மூன்று செங்கல். ஆடி மாதம் எல்லாத் தெருவிலும் அம்மன் புறப்படுவாள்; இவர்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். இந்த ஆடிக்கு நம் தெருவிலும் புறப்பாடு என்று தேவகி வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஊர்ப் பெரிய கோயில் தர்மகர்த்தா ராஜகோபால் காதுக்கும் அது எட்டியது. வந்து பார்த்தார். கண் கலங்கினார்.

"பின்னமான சிலைய வெச்சுக் கும்புடக் கூடாதுப்பா. பெரியவங்க தண்ணியில விட்டத நீ எடுத்துக்கினு வந்துட்ட. தெருவுக்கே ஆகாது. எடுத்த எடத்துலயே விட்டுடு."

சாஸ்திரம் என்று ஒருவர் வாயைத் திறந்தால் நமக்குத்தான் முதுகு தானாக வளைந்துவிடுமே. தெரு மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தேவகி அழுதுகொண்டே சேலையோடு சேர்த்து அம்மனை மடுவில் இறக்கினாள். அங்கே யாரும் கால் வைத்துவிடக் கூடாது, அடையாளம் வை என்றார் ராஜகோபால். அர்ஜுனனே ஒரு மூங்கிலை நட்டான். என்ன ஒரு அக்கறை, புண்ணியவானுக்கு!

அடுத்த வாரம் புண்ணியவான் மறுபடி வந்தார். கோயில் கிணற்றில் அண்டா விழுந்துவிட்டதாம், கரண்டி வேண்டுமாம். பாதாளக் கரண்டியை யாரும் சும்மா இரவல் தரமாட்டார்கள். ஒரு பாத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டுதான் தருவார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது. ராஜகோபால் அவசரத்தில் கோயில் பேர் வெட்டிய வெள்ளிச் செம்பை வைத்துவிட்டுக் கரண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் கரண்டி திரும்பி வந்தது. "செம்பக் குடுப்பா, அபிஷேகத்துக்கு நேரமாவுது," என்று அவசரப்பட்டார் ராஜகோபால். அர்ஜுனன் கொக்கிகளைத் தடவிப் பார்த்தான். டியூப் கிழிந்திருந்தது. ஒரு கொக்கியில் மஞ்சள் துணி சிக்கியிருந்தது.

தேவகி அதை உருவிக் கையில் விரித்தாள். அவள் சேலைதான்.

"எங்கய்யா எங்க அம்மன்?" என்றான் அர்ஜுனன்.

ராஜகோபால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "பட்டணத்துல ஒரு வெள்ளக்காரன் வூட்டு ஹால்ல இருக்குது. அவங்க பின்னம் கின்னம்லாம் பாக்க மாட்டாங்க. உனுக்குத்தான் ஆகாதே, அப்புறம் இன்னா?"

அர்ஜுனனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் செய்த கரண்டி, அவன் நட்ட மூங்கில், அவன் போட்ட கும்பிடு. எல்லாவற்றையும் வைத்தே அவனை மொட்டையடித்திருக்கிறான் இந்த ஆள். கரண்டியை ஓங்கிவிட்டான். அதற்குள் தேவகி செம்பை எடுத்துக்கொண்டு தெருக் கோயிலுக்கு நடந்தாள். தண்ணீர் நிரப்பி, வேப்பிலை செருகி, அந்த மஞ்சள் துணியைச் செம்பின் கழுத்தில் கட்டி, செங்கல் மேல் வைத்தாள். தெரு கூடிவிட்டது.

"கோயில் சொத்துடி அது!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார் ராஜகோபால்.

"கரண்டி வந்துடுச்சு, எங்கம்மா வரலியே. அவளக் கொண்டாந்து நிறுத்திட்டு எடுத்துக்கினு போ. இல்ல, இப்பவே எடு பாக்கலாம். இவளுக்குப் பின்னம் கெடையாது. தொடு!" என்றாள் தேவகி.

வேப்பிலை செருகிய செம்பைத் தொட அவருக்குக் கை வரவில்லை. கோயிலில் செம்பு எங்கே என்று கேட்பவர்களுக்கு அவர் என்ன பதில் சொன்னாரோ, அது அவர் பாடு.

ஆடியில் அந்தச் செம்பு அர்ஜுனன் தலையில் புறப்பட்டது. ராஜகோபால் வீட்டு வாசலில் வந்ததும் அவன் நின்றான். கதவு சாத்தியிருந்தது. பம்பைக்காரர்கள் கை ஓய்ந்து அவனைப் பார்த்தார்கள்.

"அடிங்கடா," என்றான். "வெளிய வந்து சூடம் காட்டுற வரைக்கும் அடிங்க."