டெரிக் போட்ட ட்ரை

ரக்பியில் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை. ஊர் அணிக்குக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்த அந்த ட்ரையை, நாற்பது வருஷமாக ஊரே 'டெரிக் போட்டது' என்றுதான் சொல்கிறது. மீன் வறுவல் கடைச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது. கோட்டைத் தாண்டிப் பந்தோடு பாய்கிறான் டெரிக். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது கீத்தினுடையது.

பந்தைக் கொடுத்தவன் கீத். எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத்தான் கொடுத்தான். அதற்குப் பிறகு டெரிக் செய்ததெல்லாம் நடந்து போய்ப் பந்தைத் தரையில் வைத்ததுதான். கீத் அப்படித்தான் நம்பினான். மற்றவர்களுக்கு அந்த நினைப்பே இல்லை.

இந்தச் சனிக்கிழமை இடைவேளையில் அந்த ட்ரையை இரண்டு கிழவர்களும் மறுபடி ஆடிக்காட்ட வேண்டும் என்று கிளப்பில் கேட்டார்கள். தடுப்பாளனாக வருவது, அணியின் சின்னமான ஆட்டுக்கடா வேஷம் போடுகிறவன்.

கிளம்பும்போது கீத்தின் மனைவி மவுரீன் அவன் கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"பந்தைக் குடுத்துட்டு ஒழுங்கா வந்து சேரு. முட்டி ரெண்டும் ஆஸ்பத்திரில மாத்திப் போட்டது, ஞாபகம் இருக்கட்டும்."

கீத் தலையாட்டினான். இந்தத் தடவை கொடுப்பதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தான்.

தூறல். "டெரிக்! டெரிக்!" என்று கூட்டம் கத்தியது. கீத் பந்தோடு ஓடினான். ஆட்டுக்கடா எதிரே வந்தது.

"குடுடா!" என்றான் டெரிக், ஓரத்திலிருந்து.

கீத் கையை நீட்டிப் போக்குக் காட்டினான். ஆட்டுக்கடா டெரிக் பக்கம் பாய்ந்தது. கீத் தத்தித்தத்திப் போய், முட்டி போட்டு, கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தான்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"டேய் கஞ்சப்பயலே, அவன்கிட்ட குடுடா!"

மைதானமே சிரித்தது. "திரும்ப ஆடுங்க!" என்று கத்தினார்கள்.

டெரிக்கும் சிரித்துக்கொண்டே வந்து கைகொடுத்துத் தூக்கினான்.

"அன்னைக்கே நீ இப்படித்தான் போவேன்னு நெனச்சேன்டா."

"எப்படிப் போறது? தடுக்கிறவன் என் மேலல்ல வந்தான்?"

"உன் மேலயா? அந்தத் தடியன் மொதல்லேர்ந்தே என்னைத்தான் பார்த்துட்டிருந்தான். உனக்கு முன்னால ஒரு ஈ காக்கா இல்ல. நீ ஏன் குடுத்தேன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல. அவனை ஏமாத்திப் போறதுக்குள்ள எனக்கு உசுரே போச்சு."

கீத் சுற்றும் முற்றும் பார்த்தான். அன்றைக்கு எதிரணிக்காரன்கூட டெரிக்கைத்தான் பார்த்தானா?

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இல்லையே."

"சொல்லாதே."

கீத் பந்தை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு நடந்தான். கூட்டம் மறுபடி டெரிக் பேரைச் சொல்ல ஆரம்பித்தது. இந்தத் தடவை கீத் பந்தைக் கொடுத்தான். கொஞ்சம் வேகமாகவே, நெஞ்சில் படும்படி.